மழைக்காலத்தில் தனியாகக் காலிக்குப் போகிறவர்களுக்கு

ஜூன் மாதத்துப் பொசன் பௌர்ணமி விடுமுறையோடு சனி, ஞாயிறும் சேர்ந்து வந்ததால் தெற்குக் கரையிலுள்ள காலிக்குப் போகலாம் என்று கூட வேலை செய்யும் தோழியும் நானும் முடிவு செய்திருந்தோம். கடைசி நேரத்தில் அவளுடைய மாமியாருக்குச் சுகமில்லாமல் போய்விட்டது. அறைக்கு முற்பணம் கட்டியாயிற்று, லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று; சரி என்று நான் தனியாகவே கிளம்பினேன். கொழும்பு வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த எனக்குக் காலி ஒன்றும் தூர தேசமில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு போய், வெளிச்சவீட்டுக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு வந்த ஊர்தான். ஆனால் டீச்சர்மாரோடு போவது வேறு, நாற்பது வயதில் ஒரு பெண் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்குவது வேறு. திரும்பி வந்து கணக்குப் பார்த்தபோது 35,000 ரூபாய்க்கு மேல் ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தது. உடம்பு தேற ஒரு கிழமை எடுத்தது. முன்பே யாராவது சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரயில் பயணம் மட்டும் நினைத்தபடி நடந்தது. தெற்கே போகும் ரயில்கள் பல மருதானையில்தான் புறப்படுகின்றன; கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு வரும்போதே ஜன்னலோர இடமெல்லாம் நிறைந்துவிடும். நீண்ட விடுமுறை என்றால் சொல்லவே வேண்டாம். ஆகவே கொஞ்சம் முன்னதாக எழும்பி மருதானைக்கே போய் ஏறுவது நல்லது. போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று தினமும் பார்க்கிற அதே கடல்தான் என்றாலும், ஜூன் மாதத்தில் தெகிவளை தாண்டும்போது அலை பாறையில் மோதி ஜன்னல் வழியாக முகத்தில் தெறிக்கிறது. பெரலியவைக் கடக்கும்போது பெட்டியில் இருந்த வயதானவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார்கள். 2004 டிசெம்பர் 26 அன்று தெற்கே போய்க்கொண்டிருந்த ரயிலை அலை அடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்த இடம் அது. இன்னொரு சின்ன விஷயம்: மாத்தறைக்குப் போகிற ரயில் காலியில் வந்த பக்கமாகவே திரும்பித்தான் வெளியேறும். காலியோடு தண்டவாளம் முட்டி நிற்பதால் எஞ்சினை மறுபக்கம் மாட்டுகிறார்கள். தெரியாதவர்கள் ரயில் கொழும்புக்கே திரும்புகிறது என்று பயந்து இறங்கி ஓடுவதைப் பார்த்தேன்.

காலிக் கோட்டைக்குள் நுழைந்து, முன்பதிவு செய்த வீட்டின் இலக்கத்தைத் தேடிப் போனேன். அந்த இலக்கத்தில் ஒரு தையல்கடை இருந்தது. கடைக்காரர் என்னைக் கண்டதுமே தலையை ஆட்டினார். என்னைப்போல வேறு சிலரும் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் போலும். படத்தில் இருந்த மர ஜன்னலும் முற்றத்து அரலி மரமும் வேறு எங்கோ உள்ள ஒரு வீட்டினுடையவை. அனுப்பிய 12,000 ரூபாய் ஒரு தனிநபருடைய கணக்குக்குப் போயிருந்தது. தொலைபேசி எடுத்தேன், மணி அடித்தது, பிறகு அடிக்கவே இல்லை. அந்த வெயிலில் நடுத்தெருவில் நின்றபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். வீட்டில் சொன்னால் என்ன சொல்வார்கள் என்ற யோசனை. கோபம் பொலிஸ் நிலையத்து வாங்கில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். காலிக் கோட்டைக்குள் அறை வாடகை, வெளியில் உள்ளதைவிடப் பெரும்பாலும் அதிகம். அந்த மதிலுக்குள் எத்தனை வீடுதான் இருக்கும்? அதனால் விடுமுறை நாளில், அங்கே, மலிவாக ஓர் அறை கிடைக்கிறது என்றாலே ஒரு தடவை நின்று விசாரிக்க வேண்டும். முற்பணம் கேட்டால், வீடியோ அழைப்பில் வாசலிலிருந்து அறை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஆட்கள் சிரித்துக்கொண்டே காட்டுவார்கள். கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது, அந்தப் பெயரும் விடுதியின் பெயரும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வந்து இறங்கிய பிறகு பணம் தருகிறேன் என்று சொன்னதும் பேச்சு மாறினால் அதோடு விட்டுவிடுங்கள். பணம் போய்விட்டால் அன்றே பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும். தமிழில் முறைப்பாடு கொடுக்க நமக்கு உரிமை இருக்கிறது. ஆனால் தெற்கில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் முழுக்க வாசித்துவிட்டுக் கையெழுத்து வைத்தேன். தெரியாதவர்கள் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள். பிறகு வங்கி கேட்கிற முதல் கேள்வி அதுதான்.

பொலிஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது மத்தியானம் கடந்திருந்தது. காலையில் குடித்த தேநீரோடு நிற்கிறேன், இரவு தங்க இடமில்லை. அப்போது பார்த்து ஒரு ஓட்டோக்காரர் பக்கத்தில் வந்து நிறுத்தினார். நல்ல மனிதர் மாதிரிப் பேசினார். “மிஸ், இந்தியாவா?” என்றுதான் தொடங்கினார். நான் கொழும்பு என்றதும் சிரித்தார், நம்பவில்லை. என்னுடைய சிங்களம் பிழையில்லாத சிங்களம்தான், ஆனால் தமிழ் வாடை அடிக்கும். கொழும்பில் அதை யாரும் கவனிப்பதில்லை. தெற்கில், அதுவும் சுற்றுலா இடங்களில், அந்த வாடையோடு தனியாக வருகிறவள் என்றால் சென்னையிலிருந்து வந்தவள் என்றே முடிவு செய்துவிடுகிறார்கள், விலையும் அதற்கேற்ப ஏறுகிறது. இதைச் சண்டையாக எடுத்துக்கொண்டு பயனில்லை. அடையாள அட்டையைப் பணப்பைக்குள் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நூதனசாலை, பூங்கா, ஆமைக்குஞ்சு வளர்க்கும் இடம் என்று நுழைவுச்சீட்டு வாங்கும் எல்லா இடத்திலும் உள்ளூர் விலை ஒன்று, வெளிநாட்டு விலை ஒன்று. வாயால் சொல்வதைவிட அட்டையை மேசையில் வைப்பது வேலையைச் சுருக்கமாக முடிக்கும்.

அன்று பின்னேரமும் மறுநாள் காலையும் சேர்த்து 9,000 ரூபாய் என்று பேசினோம். உணவட்டுனவில் அறை, கொக்கலவில் ஆமைகள், கம்பு மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்கள், மூலிகைத் தோட்டம், விடியற்காலையில் மிரிஸ்ஸவில் திமிங்கிலப் படகு. கேட்கும்போது நிறைவாகத்தான் இருந்தது. நடந்தது என்னவென்றால், எங்கெல்லாம் இறங்கினேனோ அங்கெல்லாம் என் ஓட்டோக்காரருக்கு ஒரு பங்கு இருந்தது. மூலிகைத் தோட்டத்தில் ஒருவர் வெள்ளைக் கோட்டோடு வந்து என் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நான் கேட்காமலே முழங்கால் வலிக்கு ஓர் எண்ணெய், தூக்கத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று என்று மேசையில் அடுக்கினார். வாங்காமல் எழும்ப விடமாட்டார்கள் என்று இல்லை, ஆனால் தனியாளாக நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது எழும்புவது அவ்வளவு சுலபமும் இல்லை. 4,800 ரூபாய். வாங்கியவற்றில் ஒன்றான கறுவா எண்ணெய் காலி நகரத்து மருந்துக்கடையில் அதில் பாதிக்கும் குறைவாக இருந்ததை மறுநாள் பார்த்தேன்.

ஓட்டோ பேசும்போது தொகையை மட்டும் பேசாதீர்கள். எங்கே நிற்பது, எங்கே நிற்கக் கூடாது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். “கடை வேண்டாம், தோட்டம் வேண்டாம், வேண்டுமானால் 500 ரூபாய் கூடத் தருகிறேன்” என்று முதலிலேயே சொன்னால் பல ஓட்டோக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். காத்திருப்புக்கு எவ்வளவு என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது கடைசியில் 1,500 ரூபாயாக வந்து விழுந்தது. கொழும்பில் மீற்றர் ஓட்டோவுக்குப் பழகியவர்களுக்கு அங்கே மீற்றர் என்ற பேச்சே இல்லாதது திகைப்பாக இருக்கும். கம்பு மீன்பிடிப்பைப் பொறுத்தவரை, இன்று அதில் பெரும்பகுதி படம் எடுக்க வருகிறவர்களுக்காகத்தான். அதில் எனக்குக் குறை இல்லை, வெயிலில் அந்தக் குறுக்குக் கம்பில் உட்கார்ந்திருப்பதும் உழைப்புதான். ஆனால் எடுப்பதற்கு முன் எவ்வளவு என்று கேளுங்கள். எடுத்த பிறகு கேட்டால் விலை வேறு. ஆமைகள் விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. உலகத்தில் உள்ள 7 கடலாமை இனங்களில் 5 இனங்கள் நம் கரைகளில் முட்டையிட வருகின்றன. பொரித்த குஞ்சுகள் அன்றிரவே கடலுக்குப் போக வேண்டியவை. காசு கொடுத்தவர் கையில் வைத்துப் படம் எடுப்பதற்காக அவற்றைத் தொட்டியில் நாட்கணக்காக வைத்திருப்பது அவற்றின் பலத்தைக் குறைக்கும். போவதானால் தொட்டுப் பார்க்க விடாத இடமாகப் பார்த்துப் போங்கள்.

உணவட்டுன விடுதியில் சுவரே அதிரும்படி பாட்டு. கதவுத் தாழ்ப்பாள் பாதிதான் விழுந்தது, நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. காலை ஐந்து மணிக்கு ஓட்டோ வந்துவிட்டது.

இனித்தான் முக்கியமான கதை. மிரிஸ்ஸ துறைமுகத்தில் படகுக்காரர்களின் மேசையில் 8,500 ரூபாய் கட்டினேன். கடல் எப்படி என்று கேட்டேன். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், பயமில்லை, திமிங்கிலம் காணாவிட்டால் இன்னொரு நாள் இலவசமாகக் கூட்டிப் போவோம் என்றார்கள். இந்த வாக்குறுதியைக் கவனியுங்கள். திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய ஒருவருக்கு இன்னொரு நாள் இலவசம் என்பதால் என்ன லாபம்? பணத்தைத் திருப்பித் தருவார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குப் பதில் இல்லை என்றுதான் வரும். அதைக் கேட்ட பிறகும் ஏறுவதா என்பது உங்கள் விருப்பம்.

தெற்குக் கரையில் திமிங்கிலம் பார்க்கும் காலம் நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை. நீலத்திமிங்கிலம் 30 மீற்றர் வரை வளரும், பூமியில் அதைவிடப் பெரிய விலங்கு இல்லை. மிரிஸ்ஸவிலும் தேவேந்திரமுனையிலும் அது கரைக்கு இவ்வளவு பக்கமாக வருவதற்குக் காரணம், அங்கே கடலடித் தட்டு மிகவும் ஒடுங்கியது. கொஞ்சத் தூரத்திலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுகிறது. ஆனால் மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் அதே கடல் முழுக்க மாறிவிடும். வானொலியில் தினமும் “புத்தளம் தொடக்கம் கொழும்பு, காலி ஊடாக அம்பாந்தோட்டை வரையான கடற்பரப்பு” என்று வாசிப்பார்களே, கொழும்பில் நாம் அதைக் காதில் போடுவதில்லை, மீனவர்களுக்கான செய்தி என்று விட்டுவிடுகிறோம். அந்த வாசகத்தில் காலி ஊடாக என்று வருகிற நாளில் பணம் கொடுத்துப் படகேறுகிறவரும் மீனவர் கணக்கில்தான் சேர்த்தி. காற்று மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல், அலை இரண்டரை மீற்றர் என்று வந்தால், யார் என்ன சொன்னாலும் கரையில் நில்லுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் இந்த அறிவிப்பைத் தமிழிலும் வெளியிடுகிறது.

துறைமுகத்துக் கல்லணைக்குள் இருக்கும் வரை படகு அமைதியாகப் போனது. பாணும் வாழைப்பழமும் கொடுத்தார்கள், பசியில் சாப்பிட்டேன். கல்லணையைத் தாண்டியதும் படகின் முகப்பு மேலே எழும்பி, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு தொப்பென்று விழுந்தது. வயிறு கூடவே வரவில்லை, அது மேலேயே நின்றுவிட்டது. அடுத்த அலை, அதற்கடுத்தது. மேல்தட்டில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று சொல்லி என்னை அங்கே ஏற்றியிருந்தார்கள். மேல்தட்டில்தான் ஆட்டம் அதிகம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. டீசல் புகை வேறு. அரை மணி நேரத்துக்குள் என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் பையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்கள். எனக்கு வாந்தி நிற்கவே இல்லை. சாப்பிட்டது போய், பித்தம் போய், கடைசியில் வெறும் உமட்டல். கை விரல்கள் மரத்துப்போய் மடங்க மறுத்தன. உயிர்காப்பு அங்கியின் ஒரு வார் அறுந்திருந்தது. அதை முடிச்சுப் போட முயன்று முடியாமல் அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன், காற்றில் ஒருவருக்கும் கேட்கவில்லை. தொலைபேசியில் சிக்னல் போய்விட்டது. இப்போது ஏதாவது நடந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்றே வீட்டில் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு வந்ததும் வாந்தியைவிட அது பெரிதாகிவிட்டது.

படகில் வேலை செய்த ஒரு பையன் மட்டும் என்னைக் கவனித்தான். இருபது வயதுகூட இருக்காது. மெதுவாகக் கீழே இறக்கி, படகின் பின்பகுதியில் நடுவாக உட்கார வைத்து, வாரை முடிச்சுப் போட்டுவிட்டு, “அக்கே, கண்ணை மூட வேண்டாம், அங்கே பாருங்கள்” என்று தொடுவானத்தைக் காட்டினான். அது உண்மையாகவே உதவுகிறது. காதின் உட்பகுதி ஆட்டத்தை உணர்கிறது, கண் முன்னால் இருக்கிற படகுத்தட்டோ அசையாமல் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் வருகிறது. தூரத்துத் தொடுவானத்தைப் பார்த்தால் கண்ணுக்கும் ஆட்டம் தெரிந்து கொஞ்சம் அடங்குகிறது. தொலைபேசியைப் பார்ப்பதும் குனிந்து பையைத் தேடுவதும்தான் ஆகக் கெடுதல். பறக்கும் மீன்கள் சில கண்ணில் பட்டன. திமிங்கிலம் ஒன்றும் இல்லை. எல்லோரும் சேர்ந்து கத்திய பிறகுதான் படகைத் திருப்பினார்கள். கரையில் பணத்தைக் கேட்டேன். இன்னொரு நாள் வாருங்கள் என்ற அதே பதில். பற்றுச்சீட்டு கேட்டபோது, அச்சடித்தது முடிந்துவிட்டது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தந்தார்கள். அதையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நல்ல பருவத்தில் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சில விஷயங்கள் சொல்லிவிடுகிறேன். வாந்தி மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை, ஒரு மணி நேரம் முன்னதாகப் போட வேண்டும். உங்களுக்கு வேறு வருத்தங்களும் மருந்துகளும் இருந்தால் ஃபார்மசியில் கேட்டுவிட்டுப் போடுங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது; இரண்டு மூன்று இஞ்சி பிஸ்கட் போதும். அங்கியின் எல்லா வாரையும் கரையிலேயே மாட்டிப் பாருங்கள், அறுந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். படகின் பெயரையும் பதிவு இலக்கத்தையும் படம் எடுத்து, எந்நேரம் திரும்புவீர்கள் என்ற செய்தியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறுங்கள். திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குக் கிட்டப் படகு போகக் கூடாது என்பது சட்டம். துரத்திக்கொண்டு போகிறோம் என்று பெருமையடிக்கிற படகில் ஏறாமல் இருப்பது உங்களுக்கும் நல்லது, திமிங்கிலத்துக்கும் நல்லது. ஜூன், ஜூலையில்தான் லீவு கிடைக்கும் என்றால் திருகோணமலைப் பக்கம் போங்கள். அந்தக் காலத்தில் கிழக்குக் கடல்தான் அமைதி. நிலாவெளி, பாசிக்குடா எல்லாம் அப்போதுதான் குளிக்க ஏற்றவை.

கரையில் இறங்கியதும் கால் நிற்கவில்லை. தேநீர்க்கடை அக்கா ஒருவர் பிளேன்டீயில் சீனி கூடப் போட்டுக் கொடுத்தார், அதுவும் வயிற்றில் நிற்கவில்லை. ஓட்டோக்காரர் காத்திருப்புக் காசைப் பற்றிப் பேசிக்கொண்டே காலிக்குக் கொண்டு வந்து விட்டார். மறுபடி உணவட்டுன அறைக்குப் போக மனமில்லை. கோட்டைக்குள் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கெட் கேட்டேன். கடைக்காரர் தமிழில் பேசினார். காலிக் கோட்டைக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை நான் படித்திருந்தும் அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்; ஒரு ராத்தா (முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்) வந்தார். “என்ன புள்ள, இந்தக் கொந்தளிப்புல படகுல போனீங்களா? எங்கட ஆம்புளையள் இந்த மாசத்துல கால்கூட நனைக்க மாட்டாங்களே” என்று திட்டினார். அந்தத் திட்டைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. மாடியில் ஓர் அறை, சாதாரண வாடகை, கஞ்சியும் தேசிக்காய் ஊறுகாயும். ஜீவனியை ஒரே மடக்கில் குடிக்கக் கூடாது, கரண்டி கரண்டியாகக் குடிக்க வேண்டும் என்று பக்கத்தில் இருந்து குடிக்க வைத்தார். சிறுநீர் போகவில்லை, தலை சுற்றுகிறது, நினைவு தடுமாறுகிறது என்றால் காத்திருக்காமல் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், கட்டணம் கிடையாது.

அடுத்த நாள் நான் கோட்டையைச் சுற்றி நடந்தேன். போன காசுக்கு ஒன்றும் கிடைக்காத இந்தப் பயணத்தில் காசே கேட்காத இடம்தான் மனதை நிறைத்தது. மதில்மேல் நடக்க நுழைவுச்சீட்டு இல்லை. போர்த்துக்கேயர் 1588இல் தொடங்கியதை, 1640இல் பிடித்த ஒல்லாந்தர் பெரிதாகக் கட்டினார்கள், 1796இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பழைய வாசலின் வெளிப்பக்கம் ஆங்கிலேயருடைய சின்னம், உள்ளே நுழைந்து திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்துக் கம்பனியின் சின்னமும் சேவலும், ரோம எண்களில் 1669உம். சுனாமி வந்தபோது வெளியே பஸ் நிலையத்தைச் சுற்றி அத்தனை உயிர் போக, இந்த மதிலுக்குள் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள் என்று ராத்தா சொன்னார். அதைக் கேட்டுவிட்டுப் போனதால் அந்தக் கல்லை நான் வேறு மாதிரித்தான் தொட்டுப் பார்த்தேன். 1904இல் கட்டிய மீரான் பள்ளிவாசல் வெளியிலிருந்து பார்க்க ஒரு தேவாலயம் மாதிரியே இருக்கிறது, எதிரே 1939இல் எழுப்பிய வெளிச்சவீடு. மதிலின் கடல் பக்கம் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. பருவக்காற்றுக் காலத்தில் குடையோடு அந்த விளிம்பில் நிற்காதீர்கள், படம் எடுக்கப் பின்னால் நகராதீர்கள். காலையில் ஒன்பது மணிக்கு முன் ஒரு சுற்று, பின்னேரம் ஐந்துக்குப் பிறகு மேற்கு மதிலில் ஒரு சுற்று. நடுவில் வெயில் சுடும், இல்லையென்றால் மழை கொட்டும். அப்போது 1755இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்துக்குள் போய் உட்காரலாம்.

காலிக்குப் போகிற தமிழர்கள் பலர் மும்மொழிக் கல்வெட்டைத் தேடுவார்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு பொறித்தது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தேவேந்திரமுனைக் கோயிலின் தெய்வமான தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிற கல். 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். ஆனால் அந்தக் கல் காலியில் இல்லை, கொழும்பு 7இல் தேசிய நூதனசாலையில் இருக்கிறது. கொழும்பிலிருந்து போகிறவர்கள் அதை முதலில் பார்த்துவிட்டுப் போனால் காலியும் தேவேந்திரமுனையும் வேறு கண்ணுக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் இயற்கை பார்ப்பதானால் கடலை விட்டுவிட்டு மேட்டுக்குப் போங்கள். உணவட்டுனவுக்குப் பக்கத்தில் ருமஸ்ஸல குன்று, அனுமான் தூக்கி வந்த மூலிகை மலையின் ஒரு துண்டு விழுந்த இடம் என்பார்கள். ஜப்பானிய பிக்குகள் கட்டிய வெள்ளைத் தாதுகோபத்தின் மேடையிலிருந்து பார்த்தால் குடாவுக்கு அந்தப் பக்கம் காலிக் கோட்டை முழுதாகத் தெரியும். குரங்குகள் உண்டு, சாப்பாட்டுப் பையை வெளியே எடுக்காதீர்கள். ஹியாரே, கன்னெலிய காடுகளுக்குப் போவதானால் மழையில் அட்டைக்கடி நிச்சயம். காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசிக்கொண்டு, காட்டுக்குத் தனியாகப் போகாமல் வழிகாட்டியோடு போங்கள். கடலில் குளிக்க ஆசை என்றால் சிவப்புக் கொடியைப் பாருங்கள். கொடியே இல்லாத இடத்தில், அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற கீற்றில் இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடுகிற வழி அதுதான், ஆளையும் சேர்த்து இழுக்கும். இழுத்தால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

திரும்பும்போது ரயிலுக்கு நிற்கவில்லை. காலி பஸ் நிலையத்திலிருந்து அதிவேகப் பாதையால் கொழும்புக்கு வெளியே உள்ள மாகும்புரவுக்குப் போகிற பஸ் பிடித்தேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், ஆனால் மாகும்புரவிலிருந்து வெள்ளவத்தைக்கு வர நெரிசலில் அதே அளவு நேரம் எடுத்தது. வந்ததும் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். பணம் பெற்றவருடைய சம்மதமோ நீதிமன்றக் கட்டளையோ இல்லாமல் திருப்ப முடியாது என்று முதலில் பதில் வந்தது. பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தைச் சேர்த்து மறுபடி எழுதினேன். அந்தக் கணக்கைப் பற்றி வேறு முறைப்பாடுகளும் இருப்பதாகச் சொன்னார்கள், 12,000 இன்னும் வரவில்லை. படகுக்காரர்களின் துண்டுக் காகிதத்தைப் படம் எடுத்து நுகர்வோர் அதிகார சபைக்கு அனுப்பியிருக்கிறேன், அதற்கான இலக்கம் 1977. மூலிகை எண்ணெய்ப் போத்தல்கள் திறக்காமலே அலுமாரியில் இருக்கின்றன. டிசெம்பருக்கு ராத்தாவிடம் மாடி அறையைச் சொல்லி வைத்திருக்கிறேன், முற்பணம் வேண்டாம் என்றுவிட்டார்.